மல்லாட்டையும் ஒரு கை தண்ணீரும்

(பழைய மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடல் விழாவில், வேதியியல் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் செயலாளர் போன் பண்ணி, "சார், உங்க தொழிலைப் பத்திப் பேசுங்க. ஆனா பசங்க தூங்கிடக் கூடாது" என்றார். என் தொழில் என்ன? முப்பத்தைந்து வருடம் புண்ணாக்கோடு குடித்தனம் நடத்தியவன் நான். நம் ஊரில் புண்ணாக்குக்கு இருக்கிற மரியாதை உங்களுக்குத் தெரியும். கேள்விக்குப் பதில் தெரியாமல் முழிக்கிற பையனை வாத்தியார் அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். நானும் கூப்பிடப்பட்டிருக்கிறேன். இன்று அந்தப் புண்ணாக்கு சார்பில் நாலு வார்த்தை பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நூறு கிலோ மல்லாட்டையை, அதாவது தோலோடு இருக்கிற நிலக்கடலையை, உடைத்தால் ஏறக்குறைய எழுபது கிலோ பருப்பு கிடைக்கும். பருப்பில் பாதிக்குப் பாதி எண்ணெய், கால் பங்கு புரதம். இயந்திரச் செக்கில், அதாவது எக்ஸ்பெல்லரில் ஆட்டினால் முப்பது கிலோ போல எண்ணெய் வரும். மீதி நாற்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் புண்ணாக்கு. பருப்பில் இருந்த புரதம் எண்ணெயோடு போவதில்லை. அத்தனையும் புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. கிட்டத்தட்ட பதினெட்டு கிலோ. எடையை மட்டும் வைத்துப் பார்த்தால், ஐந்நூறு லிட்டர் பாலில் இருக்கிற புரதத்தை விட அதிகம். அதை நாம் மாட்டுக்கு வைக்கிறோம், வயலுக்குப் போடுகிறோம். தவறு என்று சொல்லவில்லை. ஆனால் எதைப் போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும் அல்லவா?

இந்த விஷயத்துக்கும் நம் புதுவைக்கும் பழைய உறவு உண்டு. மணிலாக்கொட்டை என்ற பெயர்தான் நம் பக்கத்து வாயில் தேய்ந்து மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையாயிற்று. அதன் பிறந்த வீடு தென் அமெரிக்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் விளைந்த மல்லாட்டை புதுச்சேரி வழியாகத்தான் பிரான்சின் மர்செய் துறைமுகத்துக்குப் போயிற்று. 1879-இல் விழுப்புரத்திலிருந்து இங்கே ரயில் பாதை வந்தது. மூட்டைகள் ரயிலில் வந்து இறங்கி, படகில் ஏறி, கரையிலிருந்து தள்ளி நின்ற கப்பலுக்குப் போகும். மர்செய் நகரத்தின் சோப்பு ஆலைகளுக்கு எண்ணெய் வேண்டியிருந்தது. பிழிந்த பிறகு மிஞ்சிய புண்ணாக்கு அந்த நாட்டு மாடுகளுக்குத் தீவனமாயிற்று. எண்ணெய்க்கு விலை பேசி விற்றோம். நம் மண்ணின் புரதமும் கூடவே கப்பலேறியது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுக் கடலை தோலோடு மர்செய்க்குப் போகும். நம்முடையது தூரப் பயணம். கப்பலில் தோலுக்கு எதற்கு இடம் என்று உடைத்துப் பருப்பாக அனுப்புவார்கள். கையால் உடைக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று காயைத் தண்ணீரில் நனைத்து உடைப்பது அன்றைய வழக்கம். நனைந்த பருப்பு மூட்டைக்குள் புழுங்கி, காறிப்போய்ப் போய்ச் சேரும். அதன் எண்ணெய் சாப்பாட்டுக்கு ஆகாது, சோப்புக்குத்தான் ஆகும் என்று நம் சரக்குக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது. அந்த ஒரு கை தண்ணீரை மறந்துவிடாதீர்கள். அதைப் பற்றித்தான் நான் இன்று பேசப் போகிறேன்.

இனி கொஞ்சம் வேதியியல். பயப்படாதீர்கள், இது நம் வீட்டு அடுக்களையிலேயே செய்து பார்க்கக்கூடியது. பச்சை நிலக்கடலையை ஊறவைத்து, நிறைய தண்ணீர் விட்டு அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பால் மாதிரி வரும். அதில் எலுமிச்சம்பழச் சாறு விடுங்கள். பால் திரிகிற மாதிரியே திரியும். திரிந்து நிற்கிறதே, அதில் புரதம் இருக்கிறது.

ஆலையில் செய்வதும் இதேதான். எண்ணெய் எடுத்த மாவை ஒன்றுக்குப் பத்து மடங்கு தண்ணீரில் கலக்கி, கொஞ்சம் காஸ்டிக் சோடா விட்டு, பி.எச். எட்டு, எட்டரைக்குக் கொண்டுவருவார்கள். நிலக்கடலைப் புரதத்தில் பெரும்பகுதி அராக்கின், கொனராக்கின் என்ற இரண்டு வகை. இரண்டும் லேசான காரத்தில் கரையும். நார்ச்சத்து கரையாது, அதைச் சுழற்றிப் பிரித்துவிடலாம். தெளிந்த கரைசலில் அமிலம் விட்டு பி.எச். நாலரைப் பக்கம் இறக்கினால் புரதத்தின் மின்சுமைகள் சமனாகி, ஒன்றோடு ஒன்று ஒட்டித் தயிர் போலப் படியும். கழுவி, நடுநிலையாக்கி, தெளித்து உலர்த்தினால் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு புரதம் உள்ள வெள்ளைப் பொடி. ஒரே ஒரு நிபந்தனை. எண்ணெய் எடுக்கும்போது அதிகச் சூடு பட்டிருக்கக் கூடாது. எக்ஸ்பெல்லரில் வெந்துபோன புரதம் அப்புறம் தண்ணீரில் கரைய மறுக்கும். வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டை ஆகுமா? அதுபோல.

இந்த வித்தையை வைத்துக்கொண்டு உலகம் என்னென்னவோ செய்து பார்த்தது. 1950-களில் ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் என்ற ஊரில் ஐ.சி.ஐ. கம்பெனி நிலக்கடலைப் புரதத்தைக் காரத்தில் கரைத்து, நுண்ணிய துளைகள் வழியாக அமிலத்துக்குள் பீய்ச்சி, கம்பளி போன்ற இழை எடுத்தது. பெயர் ஆர்டில். புரதங்களின் அமைப்பை ஆராய்ந்த ஆஸ்ட்பரி என்ற விஞ்ஞானி அந்த இழையில் கோட்டே தைத்துப் போட்டுக்கொண்டார். 1957-இல் அந்தத் தொழிற்சாலை நின்றுபோயிற்று. அவர்கள் உடுத்திப் பார்த்தார்கள். நம் நாட்டிலோ கேள்வி வேறாக இருந்தது: பிள்ளைகளின் பசி.

1950-இல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் டாக்டர் வி. சுப்பிரமணியன். அங்கே உருவானதுதான் இந்தியப் பல்நோக்கு உணவு. எண்ணெய் குறைத்த நிலக்கடலை மாவு 75 பங்கு, கொண்டைக்கடலை மாவு 25 பங்கு, கூடவே வைட்டமின்களும் சுண்ணாம்புச் சத்தும். ஏன் கொண்டைக்கடலை? நிலக்கடலைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் அது நிறைய. ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது. நிலக்கடலையில் குறைகிற இன்னொரு அமினோ அமிலமான மெத்தியோனின் எள்ளில் நன்றாகவே இருக்கிறது. வீட்டில் கடலை உருண்டையும் எள்ளுருண்டையும் சேர்த்துப் பிடித்து வைத்த நம் பாட்டிமார்கள் அமினோ அமிலம் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

1959-இல் சுப்பிரமணியனும் அவருடைய சகாக்களும் இன்னொரு வழியையும் எழுதினார்கள். முதலில் எண்ணெய், அப்புறம் புரதம் என்று இரண்டு வேலையாகச் செய்யாமல், பருப்பைத் தண்ணீரோடு அரைத்து எண்ணெய், புரதம், மாவுச்சத்து எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் பிரிப்பது. அந்தக் குழுவில் இருந்த கல்பாக் என்பவர்தான் பிற்காலத்தில், 1983-இல், மகாராஷ்டிரத்தில் பாபல் கிராமத்துக்குப் போய் விஞ்ஞான ஆசிரமம் தொடங்கினார். 1967-இல் கோதுமையோடு நிலக்கடலை மாவு சேர்த்த பால் ஆஹார் வந்தது. 1970-களில் பெங்களூரில் நிலக்கடலைப் புரதம் கலந்த மில்டோன் என்ற பால் வந்தது. நான் இந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற காலம் அதுதான். நாளைக்கு இந்தியா முழுக்கக் கடலைப் புரதம்தான் என்று நம்பினேன்.

அப்படி நடக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சுவை, விலை என்று பல காரணம் சொல்லலாம். ஆனால் பெரிய காரணங்களில் ஒன்று, அந்த ஒரு கை தண்ணீர்.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் திடீரென்று செத்தன. தீவனத்தில் இருந்த பிரேசில் நாட்டு நிலக்கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று பிடித்தார்கள். கடலையில் வளர்ந்த அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் ஒரு நஞ்சைச் சுரந்திருந்தது. அதுதான் அஃப்ளாடாக்சின். ஈரலைத் தாக்கும், நாளடைவில் ஈரல் புற்றுநோய்க்கும் வழிவிடும். வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுக்கப் போகாது. 1974-இல் குஜராத், ராஜஸ்தான் எல்லைப் பகுதிகளில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

எங்கள் தொழிலுக்கு இதில் உள்ள கஷ்டம் என்ன தெரியுமா? பருப்பைப் பிழியும்போது இந்த நஞ்சு எண்ணெயோடு கொஞ்சம்தான் போகும். அதுவும் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது நீங்கிவிடும். பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும். புரதத்தைக் கரைத்துப் பிரித்தால் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். எதை வேண்டும் என்று எடுக்கிறோமோ அதன் கையைப் பிடித்துக்கொண்டே வரும். அன்று வைத்த வரம்பு ஒரு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம். அதாவது ஒரு டன் மாவில் 30 மில்லிகிராம், ஒன்றிரண்டு அரிசி மணியின் எடை. நம் நாட்டில் இன்றைய வரம்பு அதைவிடவும் குறைவு. ஒரு மூட்டையில் சில கெட்ட பருப்பு இருந்தால் போதும், மூட்டை முழுவதும் வரம்பைத் தாண்டிவிடும்.

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். இதை இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

பி.எஸ்சி. முடித்து, தென்னார்க்காட்டில் ஓர் எண்ணெய் ஆலையில் கெமிஸ்ட்டாகச் சேர்ந்தேன். ஆலையின் பெயர் வேண்டாம். அங்கே மனிதர் சாப்பிடத் தகுந்த கடலை மாவும் தயாரித்தோம். பிள்ளைகளின் சத்துணவுக் கலவைக்குப் போகும் மாவு. வருகிற காயைச் சோதித்து, மாவுக்குத் தகுதி அல்லது தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

1978 ஐப்பசி. உங்களுக்குத் தெரியும், ஆடிப் பட்டத்தில் விதைத்த மானாவாரி மல்லாட்டை, சரியாக அடைமழை தொடங்குகிற நேரத்தில்தான் பிடுங்க வரும். பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் இரண்டு வண்டி காய் கொண்டுவந்தார். எங்க அப்பாவுக்குப் பழக்கமானவர். வெளித் தோல் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. "நாளைக்கு வாங்க பெரியப்பா, பார்த்துச் சொல்றேன்" என்றேன். மாதிரியை அரைத்து, குளோரோஃபார்மில் எடுத்து, சிலிக்கா பூசிய கண்ணாடித் தகட்டில் புள்ளி வைத்து ஓடவிட்டு, இருட்டறையில் புற ஊதா விளக்கில் பிடித்தேன். நீலமாக ஒளிர்ந்தது. அவ்வளவு அழகான நீலத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வரம்புக்குப் பல மடங்கு மேலே. தகுதியில்லை என்று எழுதினேன். விலை பாதியாகக் குறைந்தது.

மறுநாள் பெரியவர் வந்து கேட்டார். "தம்பி, என் காயிலே இன்னா குத்தம்?" சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் சொன்னார்: "மழையிலே புடுங்கினோம்பா. ஆயறதுக்கு ஆளு கிடைக்கலே. குவிச்சுப் போட்டு மேலே படுதா போட்டு மூடி வச்சோம். ஒன்பது நாள் ஆயிடுச்சு. காய்ஞ்சப்புறம், ஒரு கை தண்ணி தெளிச்சா எடையும் நிக்கும், உடைக்கவும் சுலுவுன்னு சொன்னாங்க, தெளிச்சோம். இது விஷமாவும்னு யாரும் சொல்லலையே. களத்துக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க கேட்டிருக்க மாட்டோமா? கேட்டாண்ட வந்து நின்னப்புறம் சொல்றீங்களே."

எனக்குப் பதில் இல்லை.

இது என் முதல் குற்றம் என்றால் இரண்டாவதும் உண்டு. அந்தக் காயை ஆலை தூக்கி எறியவில்லை. எண்ணெய் எடுத்தார்கள். புண்ணாக்கு மாட்டுத் தீவனமாக வெளியே போயிற்று. மாவுக்குத் தகுதியில்லை என்று எழுதியதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அது எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இருபத்துமூன்று வயது, புது வேலை, வீட்டில் என் சம்பளத்தை எதிர்பார்த்து ஐந்து பேர். காரணங்கள் இருந்தன. ஆனால் புண்ணாக்கைத் தின்ற மாட்டின் உடலில் அந்த நஞ்சு சற்று உருமாறி, எம்1 என்ற பெயரில் பாலில் இறங்கும் என்பது எனக்கு அப்போதே தெரியும். எங்க வீட்டுப் பசுவுக்கும் அந்த ஆலைப் புண்ணாக்குதான். அந்தப் பாலைத்தான் அக்கா குழந்தைக்கு ஆற்றிக் கொடுத்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். இந்த நஞ்சு குறைந்த அளவில் அன்றைக்கே ஆளைச் சாய்ப்பதில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

அடுத்த மார்கழிப் பட்டத்துக் காய் சித்திரையில் பிடுங்க வந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தக் கிராமங்களுக்குப் போனேன். பெரிய விஞ்ஞானம் எதுவும் சொல்லவில்லை. பிடுங்கிய செடியைக் குவிக்காதீர்கள், காய் மேலே பார்க்கும்படி கவிழ்த்துப் போடுங்கள், வெயிலும் காற்றும் படட்டும். இரண்டு மூன்று நாளில் ஆய்ந்து, களத்தில் மெல்லியதாகப் பரப்பிக் காயவையுங்கள். ஒரு காயை எடுத்துக் காதருகே குலுக்கினால் உள்ளே சலசலக்க வேண்டும். பருப்பின் ஈரம் நூற்றுக்கு எட்டுக்குக் கீழே வந்தால் பூசணம் வளராது. சுருங்கியதும் நிறம் மாறியதும் பூச்சி துளைத்ததும் தனியே பொறுக்குங்கள். மூட்டையை வெறுந்தரையில் வைக்காதீர்கள், பலகை மேல் வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் தெளிக்காதீர்கள்.

எல்லோரும் கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். "எடை குறையுமே, அதை நீ தருவியா?" என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். காய்ந்த சரக்குக்குக் கூடுதல் விலை கொடுக்காத வியாபாரம், தண்ணீர் தெளிக்கத்தான் கற்றுக்கொடுக்கும். ஆனால் அடுத்த ஐப்பசியில் அதே பெரியவர் கொண்டுவந்த காயில் நீலம் தெரியவில்லை. தகட்டை அவரிடமே காட்டினேன். "ஒண்ணுமே தெரியலையேப்பா" என்றார். "அதுதான் பெரியப்பா வேணும்" என்றேன்.

தம்பி தங்கைகளே, அந்த ஆலையில் மாவுப் பிரிவு பின்னாளில் மூடப்பட்டுவிட்டது. இன்று கடைக்குப் போனால் டப்பா டப்பாவாகப் புரதப் பொடி விற்கிறது. பால் புரதம், சோயா, பட்டாணி என்று பெரிய பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. நிலக்கடலை விளைச்சலில் சீனாவுக்கு அடுத்த இடம் நம் நாட்டுக்கு. அந்த டப்பாக்களில் நிலக்கடலையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வித்தை தெரியாமல் இல்லை; அறுபது வருடம் முன்பே மைசூரில் எழுதிவைத்துவிட்டார்கள். பி.எச். எட்டரையும் நாலரையும் நீங்கள் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வீர்கள். ஆனால் புரதம் எடுக்கிற வேலை ஆலையில் தொடங்குவதில்லை, களத்தில் தொடங்குகிறது. களத்தில் கெட்டதை எந்தத் தொட்டியிலும் முழுசாகத் திருத்த முடியாது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பெரியவரின் இரண்டு வண்டிக் காய் தேவைப்பட்டது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வேதியியல் துறைக்கு ஈரப்பதம் அளக்கும் கருவி ஒன்றை எங்கள் 1976 அணி வாங்கித் தருகிறது. என் பங்குப் பணத்தைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். மற்ற நண்பர்கள் சாப்பாட்டுக்கு முன்னாடி அவரைப் பார்த்துவிடுங்கள். நழுவ வேண்டாம், பெயர்ப் பட்டியல் என்னிடம் இருக்கிறது. அந்தக் கருவியை அலமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள். வில்லியனூர், பாகூர் பக்கம் காய் பிடுங்கும் நாட்களில் எடுத்துக்கொண்டு களத்துக்குப் போங்கள். திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1967-இல் டி.எம்.வி. 7 ரகத்தைத் தந்த இடம். குரும்பாப்பட்டில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அவர்களைப் போய்ப் பாருங்கள், கேளுங்கள், கூட்டிக்கொண்டு போங்கள்.

நாளைக்கு உங்களில் யாராவது ஒருவர் ஏதாவது ஓர் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, ஏதோ ஒன்றைத் தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவீர்கள். போடுங்கள், பயப்படாமல் போடுங்கள். போட்டுவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து, இது எங்கிருந்து வந்தது, இனி எங்கே போகிறது என்ற இரண்டு கேள்வியையும் கேட்டுவிட்டு வாருங்கள். நான் ஒன்றைத் தாமதமாகக் கேட்டேன், இன்னொன்றைக் கேட்கவே இல்லை.

யாராவது உங்களைப் புண்ணாக்கு என்று திட்டினால் வருத்தப்படாதீர்கள். நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு புரதம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.